பொருந்தாத் தோட்டாவும் பெரிய கிராணியாரும்

எருக்கம்பூ மாலையையும் இகழாது ஏற்கும் வேழமுகத்து அண்ணலே! உன் கொம்பிலும் ஒன்று ஒடிந்தது. ஆதலால் குறையுடையோர் கதையை நீ பொறுமையோடு கேட்பாய் என்னும் துணிவில் தொடங்குகிறேன். என் கேலி மிகுமாயின் தடுத்தருள்க. உண்மை குறையுமாயின் அதனினும் விரைந்து தடுத்தருள்க.

இன்று ஆனி உத்திரம். தில்லைக் கூத்தனுக்குத் திருமஞ்சனம் ஆட்டும் நாள். மலாய் நாட்டு லாபிஸ் ஊர்க் கோயிலில் காலை வழிபாடு முடித்து, நெற்றியில் திருநீறு உலருமுன் எழுத அமர்ந்தேன். நன்னாளில் நல்லோரைப் பற்றி எழுதுக என்பர். நான் எழுதப் புகுவது நல்லவரைப் பற்றித்தானா என்பதில் இத்தனை ஆண்டு கழிந்தும் எனக்குத் தெளிவில்லை. தெளிவு வரட்டும் என்று காத்திருந்தால் நானும் அவரைப் போலாகிவிடுவேன் என்று அஞ்சியே இன்று எழுதுகிறேன்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் அனைவர்க்கும் அவர் பெரிய கிராணியார். அலுவலகத்து ஏடுகளும் பேரேடுகளும் அவர் கையில் இருந்தன. நான் அதே தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார். வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயிலில் பதிகம் பாடுபவன். அவர் சைவர், நானும் சைவன். புலால் உண்ணாதவர் தோட்டத்தில் நாங்கள் இருவரே. அதனால் அவர் பேச்சைக் கேட்கும் தண்டனை பெரும்பாலும் எனக்கே வாய்த்தது.

குற்றமற்றவன் இறைவன் ஒருவனே என்று நம் பெரியோர் சொல்வர். கிராணியார் அவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்க மாட்டார். மாரியம்மன் திருமேனியின் இடச்செவி வலச்செவியைவிட ஒரு நெல்லளவு தாழ்ந்திருக்கிறது என்று அவரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு நில்லாமல், கற்சிற்பிக்குக் கடிதமும் எழுதினார். திருமணம் பேசுவோர் அவரிடம் சாதகத்தைக் காட்ட அஞ்சுவர். காட்டினால் மணமகன் வீட்டார்க்கு இல்லாத தோஷமெல்லாம் வந்து சேரும். அவருக்கு மனைவி இல்லை. ஏன் இல்லை என்று எவரும் கேட்டதில்லை. விடை எல்லார்க்கும் தெரிந்திருந்தது.

"பொருந்தல" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பின் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்குமேல் முறையீடு கிடையாது.

இத்தகையவர் கைக்கு ஒரு துப்பாக்கி வந்தது. எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

போருக்கு முன் பெரிய துரையின் பங்களாவில், மான்கொம்புக்குக் கீழே, அழகுக்காக மாட்டிவைத்த பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. துரையின் பாட்டனார் அதனால் அணில் சுட்டதாகச் சமையற்காரர் சொல்வார். ஒரு வேளைக்கு ஒரு தோட்டாதான் கொள்ளும். சுட்டபின் பின்புறத்தைத் திறந்து, வெறுங்கூட்டை நகத்தால் நெம்பியெடுத்து, மற்றொன்றை இட்டு மூட வேண்டும். அதற்குள் தப்பிய அணில் பேரன் பேத்தி எடுத்திருக்கும். சப்பானியர் வருகிறார்கள் என்றதும் துரை சிங்கப்பூருக்கு ஓடினார். ஓடுகிற அவசரத்திலும் பியானோவுக்குப் போர்வை போர்த்திவிட்டுப் போனவர், துப்பாக்கியை மறந்துபோனார்.

துப்பாக்கி வைத்திருப்போர் எல்லாரும் ஒப்படைக்க வேண்டும், ஒளித்தவர் தலை தப்பாது என்று அறிவிப்பு வந்தது. கிராணியார் அதைத் துணியில் சுற்றி லாபிஸ் காவல் நிலையத்துக்குக் கொண்டு சென்றார். வேறொருவராயின் மேசைமேல் வைத்து, குனிந்து வணங்கி, உயிரோடு திரும்பியதற்கு வழியிலேயே தேங்காய் உடைத்திருப்பார். இவரோ ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனார். துப்பாக்கியின் வயது, குழலின் உள்ளளவு, அதற்குரிய தோட்டா கிடைத்தற்கரியது, எனவே இதனால் எவர்க்கும் தீங்கில்லை, பன்றிக்குங்கூட இல்லை என்று விளக்கம். அங்கிருந்த சப்பானிய அதிகாரிக்கு ஆங்கிலம் அரைகுறை. மூன்று பக்கம் எழுதுகிறவன் எதையோ வேண்டித்தான் எழுதுகிறான் என்று அவர் முடிவு கட்டினார். கடிதத்தில் அவருக்குப் புரிந்த சொல் பன்றி ஒன்றுதான். நல்லது, பன்றி சுடுக என்று ஒரு தாளில் சிவப்பு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். ஒப்படைக்கப் போனவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினார்.

அந்தத் தாளில் இரண்டு செய்திகள் இருந்தன. இத்துப்பாக்கியை உடையவர் மரவள்ளிக் கொல்லையைப் பன்றிகளிடமிருந்து காக்க வேண்டும். இவரையும் இவருடைய துணையாள் ஒருவரையும் வேறெந்த வேலைக்கும் கொண்டுபோகலாகாது.

அந்நாளில் பால்மரத்தை எவரும் சீண்டவில்லை. ரப்பரை வாங்க ஆளில்லை. மரங்களை வெட்டி மரவள்ளி நட்டிருந்தோம். காலையும் மாலையும் அதுவே உணவு. பன்றிகளுக்கும் அதுவே உணவு. ஓர் இரவில் நாலு பாத்தி போகும். தோட்டமே கிராணியாரை நம்பியிருந்தது. கிராணியார் தோட்டாவை நம்பியிருந்தார்.

"வாத்தியாரே, தோட்டாவுல ரெண்டு வகை இருக்கு" என்று ஒருநாள் தொடங்கினார். "ஒண்ணுக்கு நடு முதுகுல அடிச்சாத்தான் வெடிக்கும். இந்தத் துப்பாக்கிக்கு உள்ளது அப்படியில்ல. விளிம்புல அடிக்கணும். பின்பக்கம் ஒரு மடிப்பு இருக்கும் பாருங்க, மருந்து அந்த மடிப்புக்குள்ளதான் சுத்தி இருக்கும். வெடிக்கலன்னா தூக்கிப் போடக்கூடாது. கொஞ்சம் திருப்பி வச்சு மறுபடி அடிக்கணும். ஒரு பக்கம் செத்துப்போயிருந்தாலும் இன்னொரு பக்கம் உசுரு இருக்கும்."

"அதுவரைக்கும் பன்னி நிக்குங்களா, ஐயா?"

"நான் பன்னியப் பத்திப் பேசல. தோட்டாவப் பத்திப் பேசுறேன்."

உரிய தோட்டாவைத் தேட அவர் கண்ட வழியைக் கேளுங்கள். தேன்மெழுகை உருக்கித் துப்பாக்கியின் பின்வாயில் ஊற்றினார். ஆறியதும் தட்டி எடுத்தார். தோட்டா இருக்க வேண்டிய இடத்தின் வடிவம் அப்படியே மெழுகில் வந்தது; சுண்டுவிரலின் நுனிக் கணுவைப் போல ஒரு துண்டு. அதை வெற்றிலையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். லாபிஸ் கடைத்தெருவில் அதை நீட்டி, "இந்த அளவுல இருக்கா?" என்றார். மருந்துக்கடைக்காரர் மூலநோய்க்கு என்று நினைத்துக்கொண்டு வேறொன்றை எடுத்துக் காட்டினார்.

பத்து பாகாட் நகருக்கு நானும் உடன் சென்றேன். குளுவாங் வரை இரயில். அங்கிருந்து கரியடுப்பை முதுகில் சுமந்து புகைவிட்டு ஓடும் பேருந்து. மேட்டில் அது நம்மைச் சுமக்காது, நாம் அதைத் தள்ள வேண்டும். உச்சி வெயிலில் தள்ளினோம். வியர்வையில் அவர் சட்டை முதுகோடும் மார்போடும் ஒட்டிக்கொண்டது.

கடைத்தெருவின் கோடியில் ஒரு சீனரின் இரும்புக்கடை. கிழவர், காது மந்தம். கிராணியார் மெழுகைக் காட்டியதும் அவர் எங்கள் முகங்களை நெடுநேரம் பார்த்தார். உள்ளே போனார். ஆணி மூட்டைகளை நகர்த்தும் ஓசை கேட்டது. கைப்பிடியில் அடங்கும் ஒரு காகிதப் பெட்டியோடு வந்தார். திறந்தார். செம்பு நிறத்தில், வரிசையாக, விளிம்பு மடிந்த தோட்டாக்கள்.

கிராணியார் ஒன்றை எடுத்தார். மெழுகை அருகில் வைத்தார். நூலால் இதைச் சுற்றினார், அதைச் சுற்றினார். மீண்டும் சுற்றினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பொருந்தல. நம்ம அளவு இதைவிடத் தடிப்பு."

"ஐயா, ஏதோ கொஞ்சம்தானே…"

"வாத்தியாரே, நீங்க பாடுற பாட்டுல ஒரு சீரு கொறஞ்சா ஏத்துக்குவீங்களா?"

இத்தோடு திரும்பியிருந்தாலும் தீங்கில்லை. அவர் மரியாதை தெரிந்தவர். தம்மைக் கள்ளச் சரக்கு தேடுகிறவர் என்று கடைக்காரர் நினைத்துவிடலாகாதே என்று, பையிலிருந்த தாளை விரித்துச் சிவப்பு முத்திரையைக் காட்டினார். "தவுக்கே, மொதலாளி, நான் ஒழுங்கான ஆளு. சப்பான் அதிகாரியே குடுத்தது."

முத்திரையைக் கண்ட கிழவரின் முகம், பலகை போட்டு மூடிய கடையாயிற்று. பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் நாங்கள் தெருமுனை தாண்டும்வரை வெளியே வரவில்லை.

வீடு திரும்பி, கிராணியார் புதிதாக ஒரு மெழுகு வார்த்துப் பார்த்தார். பழையதைப் பக்கத்தில் வைத்தார். பேருந்து தள்ளிய வெயிலில், அவர் மார்புச் சூட்டில், பழைய மெழுகு இளகித் தட்டையாகிப் பருத்துப் போயிருந்தது. அன்று நூலில் கண்ட அளவின்படி, அந்தச் செம்புத் தோட்டா புதிய மெழுகுக்கு மயிரிழையும் பிசகாத அளவு. கடவுள் கண்முன் வந்து நின்றபோது, அடையாளம் போதாது என்று வாசலோடு அனுப்பிவிட்ட பேறு அவருடையது.

மூன்றாம் நாள் தனியே பத்து பாகாட்டுக்கு ஓடினார். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். பெட்டியைக் கேட்டதும் கிழவர் காதில் கைவைத்து, "கோத்தா? சாயா தா தாவு" என்றாராம். பெட்டியா, எனக்குத் தெரியாதே என்று பொருள். அந்த ஆணி மூட்டைகள் இருந்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பெருக்கியிருந்ததாம்.

அதன்பின் விந்தை ஒன்று நிகழ்ந்தது. வட்டாரத்தில் அங்கங்கே மக்கள் தோட்டாக்களை ஒளித்து வைத்திருந்தனர். வைத்திருக்கவும் அச்சம், எறியவும் அச்சம். தோட்டா வைத்திருக்க உரிமை பெற்றவர் இந்த ஒருவர்தான் என்னும் செய்தி எப்படியோ பரவியது. விடியற்காலையில் கிராணியார் வீட்டுப் படியில் பால் டின்களும் வாழைமட்டைப் பொதிகளும் தோன்றின. உள்ளே வேட்டைத் தோட்டா, கைத்துப்பாக்கித் தோட்டா, எந்தப் போரிலோ மிஞ்சிய நீளத் தோட்டா. உண்டியலில் செல்லாக் காசு விழுவது போல விழுந்தன. அவர் ஒவ்வொன்றையும் துடைத்து, நூலால் அளந்து, "பொருந்தல" என்று சொல்லி, காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தார். அந்தச் சுமைக்கு அஞ்சி ஊரார் செய்ததை அவர் கடைசிவரை நன்கொடை என்றே எண்ணியிருந்தார்.

அவற்றுள் ஒன்றே ஒன்று துப்பாக்கியின் வாய்க்குள் சென்றது. விளிம்படி வகைதான். ஆயினும் அதையும் ஒதுக்கினார்.

"நீளம் சரி. விளிம்பு மெல்லிசு, பின்னால இடைவெளி விழுது. அதோட இது புது மருந்து. துப்பாக்கியோட உடம்பு பழசு. பழைய உடம்புக்குப் புது மருந்து குடுத்தா என்ன ஆகும்? பின்பக்கமா வெடிச்சு, சுடுறவன் மூஞ்சியிலதான் அடிக்கும்."

அதை ஒரு பல்பொடி டப்பியில் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

அப்படியானால் பன்றிகளைக் கொன்றது யார்? அஞ்சலை. காட்டு வேலை செய்யும் பெண்; வாய் அவளுக்கு அரிவாள். சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்கு வைத்துப் பன்றி பிடிப்பாள். இறைச்சி லயத்து வரிசை வீடுகளுக்கு, வால் கிராணியாருக்கு. மாதந்தோறும் வரும் அதிகாரிக்குச் சுட்டதற்குச் சான்றாக வால் காட்ட வேண்டும் அல்லவா? கிராணியார் அதை வாழையிலையால் பிடித்து வாங்கி, உப்புப் போட்டு வைத்துவிட்டு, உடனே தலைமுழுகுவார்.

"சாமி, துப்பாக்கிய இப்படித் தெனமும் தொடச்சு வச்சா பன்னி சாவுமுங்களா?"

"வேற யாரையும் கெடுக்காம ஒழுங்கா இருக்கில்ல, அது போதும்."

"அதுவும் சரிதாங்க. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். கால்ல புண்ணு வந்து ஆறு மாசமா ஒழுங்கா இருக்காரு."

லயம் முழுதும் சிரிக்கும். நானும் சிரிப்பேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காத்திருத்தல் என்னும் சொல்லை விளக்க நான் காட்டிய எடுத்துக்காட்டு எவர் என்பதை எழுத இன்று கூச்சமாக இருக்கிறது.

பிறகு சயாமில் இரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினர். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்களைப் பற்றிச் செய்தி வரவில்லை. செய்தி வராததே செய்தியாயிற்று. எங்கள் தோட்டத்துக்கும் ஆணை வந்தது. உடல்தகுதி உள்ளவர் பத்துப் பேரின் பெயரைக் கிராணி எழுதித் தர வேண்டும். பத்தாம் நாள் லாரி வரும்.

மற்றத் தோட்டங்களில் கிராணிமார் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லி அவர்தம் பேரப்பிள்ளைகளை நோகச் செய்ய வேண்டா. வேண்டாதவர் பெயர்கள் முதலில் எழுதப்பட்டன என்பதோடு நிறுத்துகிறேன். எங்கள் கிராணியாருக்கோ, ஆணையில் தகுதி என்னும் சொல் கண்ணில் பட்டதே பெருவிருந்தாயிற்று. ஆண்கள் அனைவரையும் அலுவலக முற்றத்துக்கு வரச் சொன்னார். தோட்டாவைப் பார்ப்பது போலவே ஒவ்வொருவரையும் ஒளியில் திருப்பிப் பார்த்தார். ஒருவனுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. ஒருவனுக்கு இடக்கண் மறைக்கிறது. ஒருவனுக்கு முட்டி வீக்கம். அஞ்சலையின் கணவனுக்குக் காலில் எலும்பு தெரியும் புண். "பொருந்தல, பொருந்தல" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏமாற்றியவர் எவருமில்லை. மரவள்ளியை மட்டும் தின்று ஈராண்டு கழித்த உடம்புகள் அவை.

மூன்றாம் நாள் மாலை என்னை அழைத்தார்.

"மூச்ச இழுங்க."

என் மூச்சின் வன்மையைக் காட்டவே ஒரு பதிகத்தை உச்சத்தில் எடுத்து, ஓரடியை ஒரே மூச்சில் பாடினேன். முற்றத்தில் நின்றவர்கள் தலையசைத்தனர். கிராணியார் பல்லைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், காலைத் தூக்கச் சொன்னார். பிறகு, தோட்டத்தில் எவரும் கேட்டறியாத சொல்லைச் சொன்னார்.

"பொருந்துது."

ஒரு நொடி பெருமைப்பட்டேன். இறைவன் அறிய, அது உண்மை. மாரியம்மனுக்கு ஒவ்வொரு வீட்டாரும் தம் வாயைக் கட்டி ஒரு பிடி அரிசி கொண்டுவருவர். வெள்ளிதோறும் பொங்கல் படைத்து, பாடுபவனுக்கு முதற்பங்கு வைப்பர். என் உடம்பு அந்தப் பிடியரிசியால் ஆனது. ஊர் மெலிந்தது, நான் மெலியவில்லை. அந்தக் கணக்கு அன்று எனக்குத் தோன்றவில்லை. பெருமைதான் தோன்றியது. அடுத்த நொடி பட்டியலை எட்டிப் பார்த்தேன்.

"ஐயா, பட்டியல்ல என் பேரு ஒண்ணுதானே இருக்கு!"

"ஆமா. பொருந்துனது நீங்க ஒருத்தர்தான்."

"இருமல்னு எழுதக் கூடாதுங்களா?"

"இருமுறீங்களா?"

இருமினேன்.

"அது தொண்டையில வர்ற இருமல், வாத்தியாரே. நெஞ்சுல வரல."

அதன்பின் ஐந்து நாள் அவரோடு நான் பேசவில்லை. கோயிலில் நின்று அவரைச் சபித்தேன். சபிப்பதற்கும் எனக்குப் பாட்டு வராமல் வெறும் வசைதான் வந்தது. ஆறாம் நாள் அவரே பள்ளிக்கு வந்தார். கையில் அந்தச் சிவப்பு முத்திரைத் தாள். முகத்தில் பெருங்குற்றம் செய்தவரின் வாட்டம்.

"வாத்தியாரே, இதுல துணையாள் ஒருத்தர்னு போட்டிருக்கு. ரெண்டு வருஷமா அந்த எடம் காலியாவே கெடக்குது. நான் கவனிக்காம விட்டது பெரிய தப்பு. தோட்டா சொமக்குற ஆளா உங்களப் போட்டுடறேன்."

"சுமக்கத் தோட்டா எங்கே, ஐயா?" என்று கேட்க நா எழுந்தது. அடக்கிக்கொண்டேன். என் உயிர் அவரை வருத்தவில்லை. நிரப்பாமல் விட்ட ஓர் இடம் வருத்தியது. எந்த வாசல் வழியாகவேனும் அருள் வரட்டும் என்று கைகூப்பினேன்.

பத்தாம் நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் அணிவகுத்து நின்றோம். லாரி வந்தது. புதிய அதிகாரி ஒருவர் இறங்கினார். முன்னவரைவிட இளையவர், மலாய்ச் சொற்கள் சில தெரிந்தவர். பட்டியலை வாங்கினார். முன்பக்கம் ஒரு பெயர். பின்பக்கம் திருப்பினார், ஒன்றுமில்லை. கிராணியார் இரண்டு அடி முன்னே வந்து, வணங்கி, முத்திரைத் தாளை நீட்டி, அந்த ஒருவரும் தம் துணையாள் என்பதைப் பணிவோடு தெரிவித்தார்.

அதிகாரி அவர் கன்னத்தில் அறைந்தார். "பக்கேரோ!" என்று தம் மொழியில் வைதார். கண்ணாடி மண்ணில் விழுந்தது. கிராணியார் அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். அதிகாரி துப்பாக்கியைச் சுட்டி, "தெம்பாக்!" என்றார். சுடு என்பது பொருள். களத்தின் ஓரத்துப் பப்பாளி மரத்தைக் காட்டினார். சுட்டால் தாளை நம்புவேன், துணையாளை விடுவேன். சுடாவிட்டால் தாளைக் கிழிப்பேன், இருவரும் ஏறுங்கள் என்று மலாயிலும் கையிலுமாகச் சொன்னார்.

"துவான், தோட்டா இருக்கு. ஆனா பொருந்தல" என்றார் கிராணியார். ஐயா என்பதை மலாயில் துவான் என்றவருக்கு, அந்தக் கடைசிச் சொல்லை எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை, தமிழிலேயே சொன்னார்.

மீண்டும் ஓர் அறை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எப்போதும் அளந்து பார்க்கும் கண், அப்போது அளக்கவில்லை. பையிலிருந்து பல்பொடி டப்பியை எடுத்தார். அதை அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"வாத்தியாரே, பத்தடி தள்ளி நில்லுங்க" என்றார்.

தோட்டாவை இட்டார், மூடினார், தோளில் ஏற்றினார். விசையை இழுத்தார். டக் என்ற ஓசை; வெடிக்கவில்லை. அதிகாரி சிரித்தார். கிராணியார் பொறுமையாகப் பின்புறத்தைத் திறந்து, தோட்டாவைச் சிறிது திருப்பி வைத்து, மூடி, மறுபடி கன்னத்தோடு சேர்த்தார். செத்த பக்கம் போக உயிருள்ள பக்கம் எங்கோ இருக்கும் என்று நம்புகிறவர் அல்லவா?

இம்முறை வெடித்தது. குண்டு எங்கே போயிற்றோ, பப்பாளியில் ஓர் இலையும் அசையவில்லை. பின்பக்கம் பிளந்தது. நெருப்பும் செம்புச் சிதறலும் அவர் வலக்கண்ணில் அறைந்தன. துப்பாக்கி மண்ணில் விழ, இரு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு முழந்தாளிட்டார். விரலிடுக்கில் குருதி வழிந்தது. நான் ஓடிப்போய்த் தாங்கினேன்.

"சொன்னேன்ல" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "விளிம்புல இடைவெளி."

அதிகாரிக்கு அது போதுமான வேடிக்கையாயிற்று. என் பெயரை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நான் பிழைத்தேன். தெய்வமே என்று கண்ணை மூடினேன். திறந்தபோது அதிகாரி வரிசையில் நடந்துகொண்டிருந்தார். விரலை நீட்டி, "இவன், இவன், இவன்" என்று சுட்டிக்கொண்டே போனார். தகுதி எதையும் பார்க்கவில்லை. எண்ணிக்கை பத்தானதும் நிறுத்தினார். காய்ச்சற்காரன் ஏறினான். கண் மறைப்பவன் ஏறினான். அஞ்சலையின் கணவனை இருவர் தூக்கி ஏற்றினர். அஞ்சலையின் அரிவாள் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கையைத் தட்டிவிட்டார்கள்.

லாரி புறப்பட்டது. என் தோளில் சாய்ந்திருந்த கிராணியார் மற்றக் கண்ணால் அதைக் கண்டார். என்னைத் தள்ளிவிட்டு எழுந்தார். அலுவலகத்துள் புகுந்து, மூன்று நாள் சோதித்து எழுதிய பேரேட்டை எடுத்துக்கொண்டு செம்மண் சாலையில் ஓடினார். குருதி சட்டையெல்லாம் வடிய, ஏட்டை விரித்துப் பிடித்து, லாரிக்குப் பின்னால் உரக்கப் படித்துக்கொண்டே ஓடினார்.

"மூணாவது ஆளு! காய்ச்சல்! வாரத்துக்கு ரெண்டு தடவ! துவான், எழுதியிருக்கேன்! அஞ்சாவது, முட்டி வீக்கம்! அந்தக் கடைசி ஆளு, கால்ல புண்ணு, எலும்பு தெரியுது! பொருந்தல, துவான்! ஒருத்தனும் பொருந்தல!"

அவரைப் பார்த்துத்தான் நாங்கள் ஈராண்டு சிரித்தோம். அன்று சிரித்தது லாரியில் இருந்த காவலர்கள் மட்டும். வளைவு வரை ஓடினார். அங்கே தூசுக்குள் அமர்ந்துவிட்டார். நான் அருகே போனபோது ஏடு மடியில் திறந்திருந்தது. ஒரு கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தப்பா எழுதல, வாத்தியாரே" என்றார். "போகத் தகுதியான ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அதில் வெறுப்பு இல்லை, பழி இல்லை. அளந்து கண்டதைச் சொன்னார். அவர் ஆயுளில் சொன்ன எதையும் மறுக்க எனக்குக் காரணம் கிடைத்ததுண்டு; அந்த ஒன்றை மறுக்க இன்றுவரை கிடைக்கவில்லை. போனவர் பதின்மரில் திரும்பியவர் இருவர். அஞ்சலையின் கணவன் அவர்களுள் இல்லை.

இதைப் படிப்போர்க்கும், படிக்கக் கேட்போர்க்கும், இதிலுள்ள பிழையைக் கண்டு முகம் சுளிப்போர்க்கும் அம்பலத்தாடும் ஐயன் அருள் பெருகுக. உங்கள் கண் இரண்டும் ஒளியோடு வாழ்க. எவர் விரலும் உங்களை எந்த வண்டியை நோக்கியும் சுட்டாதிருப்பதாக. சுட்டும் நாள் வந்தால், உங்கள் புண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டு பின்னால் ஓடிவர ஒருவரேனும் உங்களுக்கு வாய்ப்பாராக.